இண்டைக்கு என்ன நிறம்?

இருமல் புழுதியால்தான் என்று நானும் நம்பினேன். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த அந்த நாட்களில் வன்னியில் இருமாதவர் யார்? லொறிகளும் நிறுவனங்களின் வாகனங்களும் ஓட ஓட, கிரவல் ரோட்டின் செம்மண் எல்லோருடைய தொண்டைக்குள்ளும் குடியேறியிருந்தது. விசுவமடுவில் இருந்து மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போய் இறங்கினால் கண்ணிமையும் சிவப்பு, துப்பினாலும் சிவப்பு. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

பின்னேரங்களில் மெல்லிய காய்ச்சல் வந்தது. அலைச்சல் என்று நினைத்தேன். சட்டைகள் தளர்ந்தன. பூநகரியில் இருந்து வந்த என் மச்சாள், கணவரின் அக்கா, என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெலிஞ்சு நல்ல வடிவா வந்திட்டீர்" என்றார். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

ஐப்பசி மழை தொடங்கியது. ரோட்டில் புழுதி அடங்கி, சேறு வந்தது. அதன் பிறகும் ஒரு காலை கிணற்றடியில் நான் துப்பியது சிவப்பாகவே இருந்தது. அதைப் பார்த்தபடி அப்படியே நின்றேன். மழை அதைக் கழுவிக்கொண்டு போனது.

அப்போது நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் நோயாளர் இணைப்புத் தாதியாக வேலை செய்தேன். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டும் வரை, அதாவது வீட்டுக்கு அனுப்பும் வரை, நோயாளி, வாட்டில் (நோயாளர் கூடத்தில்) நிற்கும் தாதியின் பொறுப்பு. துண்டு வெட்டிய பிறகு என் பொறுப்பு. யாருக்கு எப்போது கிளினிக், யார் குளிசையை (மாத்திரையை) நிறுத்திவிட்டார், யாருக்கு பஸ் இல்லை, யாரை வவுனியாவுக்கு அனுப்ப வேண்டும் என்று தலைக்குள் எப்போதும் ஒரு சந்தை இரைந்துகொண்டிருக்கும். என்னிடம் இருந்தவர்களில் பெரும்பாலானோர் கசநோயாளர்கள் (நுரையீரலைத் தின்னும் கிருமியால் வரும் தொற்றுநோய், எங்கள் பக்கத்தில் கசம் என்பார்கள்).

நிறுவனத்தில் என் பதவிக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. ஊர் அதில் 'கேஸ்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. இடம்பெயர்ந்து போய் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி, ஒரு நாள் என்னை வழிமறித்தார். "தங்கச்சி, நீங்கதானே கேஸ் பாக்கிற ஆள்? எங்கட காணிக் கேஸையும் ஒருக்காப் பாருங்கோவன்." நான் வருத்தக்காரரை, அதாவது நோயாளிகளைப் பார்க்கிறவள் என்று விளக்கினேன். "காணி இல்லாததும் ஒரு வருத்தம்தானே" என்றார். அதற்கு என்னிடம் குளிசை இருக்கவில்லை.

தாதிப் படிப்பை முடித்த பிள்ளைகள் சிலர் இப்போது என்னிடம், இந்த வேலை நல்லதா, எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கசத்துக்கு மருந்து குடிப்பவர்கள், எப்போது பழைய ஆளாவோம் என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் என்னிடம் இருப்பது இந்த ஒரு கதைதான்.

வாட்டில் வேலை செய்தபோது நோயாளியைக் கட்டிலோடு சேர்த்துத்தான் தெரியும். இந்த வேலையில் அவருடைய குசினி அடுப்பு தெரியும், நாய் தெரியும், யாரோடு கோபம் என்று தெரியும். எலும்பாகப் போனவர் நாலு மாதத்தில் மண்வெட்டியோடு வயலில் நின்று கை காட்டுவார். அந்தக் கை காட்டலுக்காகவே இன்னொரு வருடம் அலையலாம் என்று தோன்றும்.

மற்றப் பக்கமும் உண்டு. பஸ் வராததற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும், சோதனைச் சாவடி பூட்டியதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். எதுவும் என் கையில் இல்லை, எல்லாம் என் தலையில். ஞாயிற்றுக்கிழமையும் வாசல் படலையில் யாராவது நிற்பார்கள். என் மகள் ஆரணிக்கு அப்போது நாலு வயது. நான் செருப்பைப் போட்டதும், "இண்டைக்கு ஆரின்ர அம்மாவாப் போறீங்கள்?" என்று கேட்பாள். எங்கிருந்து அதைப் பிடித்தாளோ தெரியாது. சிரித்துவிட்டுப் போவேன், ரோட்டில் ஏறியதும் திரும்பிப் பார்ப்பேன்.

நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கசத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் ரிபாம்பிசின் (கிருமியைக் கொல்லும் முக்கிய மருந்து) உடம்பில் இருந்து வெளியேறும் நீரையெல்லாம் செம்மஞ்சளாக்கும். சிறுநீர் சிவந்ததும் எங்கள் சனம், "சூடு கூடிப்போச்சு" என்று குளிசையை நிறுத்திவிட்டு இளநீரும் மோரும் குடிக்கத் தொடங்கிவிடும். அதனால் நான் வீடு வீடாக ஒரே வசனத்தைச் சொல்லித் திரிந்தேன்: "சிவப்பெண்டா மருந்து வேலை செய்யுது. பயப்பிடாதேங்கோ." படலையைத் திறக்கும்போதே, "இண்டைக்கு என்ன நிறம்?" என்று கேட்பேன். பதிலில் இருந்து, குளிசை போட்டாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நாளடைவில் எனக்குப் பெயர் 'நிற மிஸி' என்றாகிவிட்டது (தாதியை எங்கள் பக்கத்தில் மிஸி என்பார்கள்). ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியின் மறுமுனையில் இருந்து ஒருவர், "மிஸி, இண்டைக்கும் நல்ல சிவப்பு!" என்று கத்தினார். என் கணவர் சோற்றில் இருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

கிளிநொச்சி நெஞ்சுநோய்க் கிளினிக்கின் விறாந்தையில் ஒரு நீளமான வாங்கு இருந்தது. நான் எத்தனையோ பேரை அதில் இருத்தி, "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறேன். அன்று நான் அதில் இருந்தேன். சளிப் பரிசோதனை (காலையில் இருமி எடுக்கும் சளியைக் கண்ணாடியில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது) முடிந்திருந்தது. கிருமி இருந்தது.

டொக்டர் என் முகத்தைப் பார்க்காமல் முதலில் கேட்டது இதுதான்: "மிஸி, உங்கட பிள்ளைக்கு என்ன வயசு?"

நான் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிற கேள்வி. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை, இருமுகிற தாயோடு ஒரே பாயில் படுத்தால் என்ன ஆகலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்திருப்பது இந்த வேலையின் நன்மை என்று நினைத்திருந்தேன். அந்த நிமிடம் எதுவும் தெரியாதவளாக இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கினேன்.

ஆரணியின் நெஞ்சுப் படம் தெளிவாக இருந்தது. ஆனாலும் கிருமி உள்ளே பதுங்கியிருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஐசோனியாசிட் (நோய் வராமல் காக்கச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குளிசை) தினம் ஒன்று கொடுக்க வேண்டும் என்றார் டொக்டர். என் சளியில் கிருமி இல்லாமல் போகும்வரை அவள் வேறு வீட்டில் இருப்பது நல்லது என்றும் சொன்னார். மச்சாள் மறுபேச்சில்லாமல் பூநகரிக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸின் யன்னலில் ஆரணியின் சின்னக் கை தெரிந்தது. நான் ரோட்டின் மற்றப் பக்கத்தில், வாயில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

என் கணவர் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவர். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் நம்புவார். அன்று வீட்டுக்கு வந்ததும் கதிரையில் இருந்துகொண்டு சொன்னார், "உந்த வேலையாலதான் வந்தது. நீர் இனிப் போகவேண்டாம்."

"ஆரிட்ட இருந்து வந்ததெண்டு ஆருக்கும் தெரியாது. பஸ்ஸில வந்திருக்கலாம், சந்தையில வந்திருக்கலாம்."

"எனக்கு அது தெரிய வேண்டாம். பிள்ளைக்கு வந்தா?"

எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். அவர் சொன்னது பிழை என்று காட்ட என்னிடம் ஒரு சான்றும் இல்லை. சரி என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

கசத்துக்கான குளிசையை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்க விழுங்க வேண்டும் என்பது விதி. நான் தாதி, எனக்கு எதற்கு என்றேன். டொக்டர் சிரித்தார். "தாதியளும் குளிசையை ஒளிக்கிற ஆக்கள்தான், மிஸி. ஒராளைச் சொல்லுங்கோ." என் கணவர் விடியவே பம்ப் திருத்தப் போய்விடுவார். அப்போது மாரியாயி அக்கா தானாகவே வந்து சேர்ந்தார்.

அவர் மலையகத்தில் இருந்து கலவரத்தில் விரட்டப்பட்டு விசுவமடுவுக்கு வந்த குடும்பம். மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்குப் போவார். அதற்கு முந்திய வருடம் என்னிடம் மருந்து குடித்தவர். வயிறு எரிகிறது என்று குளிசையை நாக்கின் அடியில் ஒளித்து வைத்து, நான் போனதும் கோழிக்கு முன்னால் துப்பிவிடுவார். அதைக் கண்டுபிடித்த நாளில் இருந்து நான் அவரை விடவில்லை. அந்த நாட்களில் என்னை வாயாரத் திட்டியிருக்கிறார்.

இப்போது அவர் என் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். "வாயத் தொறங்க மிஸி. ம்... நாக்கத் தூக்குங்க. அந்தப் பக்கம். சரி, முழுங்கிட்டீங்க."

"அக்கா, நான் ஏன் ஒளிக்கிறன்?"

"நானும் அப்பிடித்தான் சொன்னேன், நம்புனீங்களா?" என்றார். போகும்போது படலையடியில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். "இன்னிக்கி என்னா நெறம்?"

கூசிப்போனேன். ஒரு மனிதரின் வாசலில் நின்று அதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மூன்றாம் நாள் நானே அவருக்காகக் காத்திருந்தேன். நிறத்தைச் சொல்லும்போது, நான் இன்னும் இருக்கிறேன் என்று ஒருவரிடம் சொல்வதுபோல் இருந்தது.

குளிசைகள் என்னைப் புரட்டிப் போட்டன. சோற்றின் மணம் ஆகவில்லை. மூட்டுகள் நொந்தன. நான் மற்றவர்களுக்கு, "கொஞ்ச நாளில பழகிடும்" என்று சொல்லிய அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு நீளம் என்று படுத்துக் கிடந்தபோதுதான் தெரிந்தது. அடித்துப்போட்டதுபோல் கிடப்பேன், தெருவில் எந்தப் பிள்ளை சத்தம் போட்டாலும் எழுந்து இருப்பேன். ஒரு நாள் ஆரணியின் சட்டையை மடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. வெள்ளைக் கைலேஞ்சியால் துடைத்தேன். அதில் மெல்லிய செம்மஞ்சள் கறை. கண்ணீரும் நிறம் மாறும் என்று படித்திருந்தேன், கண்டதில்லை. என்னுடையது என்று சொல்ல உடம்பில் எதுவும் மிச்சமில்லை என்று தோன்றியது.

அந்தக் கிழமை முடியுமுன் கிளிநொச்சியில் இருந்து செய்தி வந்தது. ஆரணி சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டே இருக்கிறாள், கண்கள் செருகுகின்றன. பார்க்கப் போன என் கணவர் பூநகரியில் இருந்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட்டார் என்று.

நான் போனபோது மச்சாள் விறாந்தையில் பிள்ளையை மடியில் வைத்திருந்தார். சுருண்டு கிடந்த ஆரணி என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டினாள். என் சளி இன்னும் சுத்தமாகவில்லை. நான் தூணோடு நின்றேன். "அம்மா இஞ்சதான் நிக்கிறன், குஞ்சு" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. கைகளை நீட்டியபடியே அழுதாள். என் வாழ்க்கையில் நான் தாண்டாமல் நின்ற தூரங்களில் அதுதான் பெரியது.

டொக்டர் மச்சாளிடம், பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். மச்சாள் என்னைப் பார்த்தார்.

"நீர்தானே மச்சாள் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனீர், சிவப்பெண்டாத்தான் மருந்து வேலை செய்யுதெண்டு? நானும் ஒவ்வொரு நாளும் பாத்தனான். பிள்ளைக்கு வெள்ளையாத்தான் போகுது. ஒண்டு காணாதாக்கும் எண்டு இரண்டாக் குடுத்தனான். அதுக்கும் வெள்ளை. பிறகு மூண்டு, நாலு..." அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

ஐசோனியாசிட் நிறம் மாற்றாது. வெள்ளைதான் அதன் நிறம். கசக்காரர் வீடுகளில் நான் சொல்லி வந்த அந்த ஒற்றை வசனம், யார் யார் வாய்வழியாகவோ என் கணவர் வீடுவரைக்கும் போய், கடைசியில் என் பிள்ளையின் வயிற்றுக்குள் இறங்கியிருந்தது. மச்சாள்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதை வைக்க இடமில்லாமல் திரும்ப என்னிடமே வந்தது.

குளிசையை நிறுத்தினார்கள். ஈரல் பழுதாகியிருக்கிறதா என்று பார்க்க எடுத்த இரத்தத்தைச் சோதிக்க வவுனியாவுக்கு அனுப்ப வேண்டும். சாவடி அன்று திறக்குமோ திறக்காதோ என்று யாருக்கும் தெரியாது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ போத்தல்களை இந்த வழியால் அனுப்பியிருக்கிறேன். முதல்முறையாக ஒரு போத்தலுக்குள் என் வீடு முழுவதும் போனது.

முடிவு வரும்வரை நான் வாங்கில் இருந்தேன். என் கணவர் பக்கத்தில் வந்து இருந்தார். தேத்தண்ணி வாங்கி வந்து என் கையில் தந்தார். மாரியாயி அக்கா பஸ் பிடித்து வந்து, வாங்கிலேயே என் குளிசையைக் கொடுத்து, நாக்கைத் தூக்கச் சொன்னார். பிள்ளை உள்ளே கிடக்கும்போது இது எதற்கு என்று சீறினேன். "புள்ளைக்கு அம்மா வேணுமில்ல? முழுங்குங்க" என்றார்.

ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முடிவைக் கேட்டதும் மச்சாள்தான் முதலில் நிலத்தில் குந்தினார். நான் தூரத்தில் நின்றபடி அவரைப் பார்த்துத் தலையாட்டினேன். பிள்ளையோடு இருக்கும் அவரைக் கிட்டப் போய்த் தொடவும் எனக்கு அப்போது உரிமை இல்லை.

சில கிழமைகளில் என் சளி சுத்தமானது. ஆரணி வீட்டுக்கு வந்தாள். டொக்டர் அவளுக்குக் குளிசையை நாளுக்கு ஒன்றாகத் திரும்பத் தொடங்கியிருந்தார். தாயும் மகளும் ஒரே பாயில் வரிசையாக இருந்து, மாரியாயி அக்காவின் முன் வாய் திறந்தோம். ஆரணிக்கு ஒரே மனக்குறை. "அம்மாக்கு மட்டும் சிவப்பு. எனக்கு ஏன் வெள்ளை?"

மாரியாயி அக்கா யோசித்தார். "ஒனக்கு இருக்கிறது காவக்கார மருந்து. சும்மா வாசல்ல நிக்கும். அம்மாவுக்குள்ள சண்ட நடக்குது, அதான் செவப்பு."

"சண்டை எப்ப முடியும்?"

"வெள்ளையானா முடிஞ்சிருச்சு."

வெளியிலும் அந்த மாதங்களில் வெடிச்சத்தங்கள் திரும்பத் தொடங்கியிருந்தன. பாதை மூடப்படும் என்று கதை. ஆரணி ஒவ்வொரு காலையும் கக்கூஸ் வாசலில் நின்று, "அம்மா, இண்டைக்கு என்ன நிறம்?" என்று கேட்பாள். நான் சொல்வேன். எங்களுக்கு நாட்காட்டி அதுதான்.

கடைசிக் குளிசையை விழுங்கி இரண்டு நாள் கழித்து நிறம் போய்விட்டது. சந்தோசம் வரும் என்று நினைத்திருந்தேன். பயம்தான் வந்தது. ஆறு மாதம் எனக்குள் நின்று சண்டை பிடித்தது வெளியே போய்விட்டது, இனி நானும் என் உடம்பும் மட்டும்தான். நான் வெளியே வராததைக் கண்டு ஆரணி கதவில் தட்டினாள்.

"அம்மா, என்ன நிறம்?"

"வெள்ளை."

"அப்ப நீங்களும் நானும் ஒண்டு!"

கதவைத் திறந்து அவளைத் தூக்கினேன். அழுதேன். அவள் என் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துவிட்டு, விரித்துப் பார்த்தாள். கறை இல்லை.

நான் வேலைக்குத் திரும்பினேன். என் கணவர் மோட்டார் சைக்கிளைத் திருத்தி வாசலில் நிறுத்தியிருந்தார், அதுதான் அவருடைய சம்மதம். வீடுகளில் பழைய வசனத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன்: "சின்னப் பிள்ளையளின்ர குளிசை நிறம் மாத்தாது, கூட்டிக் குடுத்திடாதேங்கோ." மூக்கையும் வாயையும் மூடாமல் எந்த வீட்டுக்குள்ளும் போவதில்லை.

பிறகு பாதை மூடியது. பிறகு ஊர் ஊராக இடம்பெயர்ந்தோம். அந்த ஓட்டத்தில் என்னிடம் மருந்து குடித்தவர்கள் ஒவ்வொருவராகச் சிதறிப் போனார்கள். மாரியாயி அக்காவைக் கடைசியாகக் கண்டது ஒரு மரத்தின் கீழ். போர் முடிந்து எங்களை அடைத்து வைத்த வவுனியா முகாம்களில் தெரிந்த எல்லோரிடமும் விசாரித்தேன். அவரைக் கண்டவர்கள் இல்லை.

இந்த வேலையை எடுக்கலாமா என்று கேட்கும் பிள்ளைகளே, மற்றவர் உடம்பைக் கவனிக்கக் கற்றுக்கொள்வீர்கள், அது பிறகு உங்களை விட்டுப் போகாது. நன்மையும் அதுதான், தீமையும் அதுதான். மருந்து குடிப்பவர்களே, பழைய ஆளாக நான் வரவில்லை. எடை வந்தது, மூச்சு வந்தது. ஆனால் எனக்கு நாள் சூரியனோடு தொடங்குவதில்லை.

முகாமிலும் செம்மண் புழுதி. ஆரணி இருமினாள். எல்லோரும் புழுதி என்றார்கள். நான் மழைக்காகக் காத்திருக்கவில்லை. மறுநாளே அவளை வைத்தியர் கூடாரத்துக்குக் கூட்டிப் போய், வரிசையில் நின்று, நெஞ்சைப் பார்க்க வைத்தேன். புழுதிதான். ஆனாலும் கூடாரத்துக்குத் திரும்பும் வழியெல்லாம், அவளுடைய ஒவ்வொரு இருமலையும் நான் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

இப்போதும் காலையில் முதலில் நிறத்தைப் பார்க்கிறேன். படலையோ தெருவோ இல்லாத இடத்தில் நின்று, ஒரு குரல், "இன்னிக்கி என்னா நெறம்?" என்று உரத்துக் கேட்கிறது. யாருக்கும் கேட்காமல் பதில் சொல்கிறேன்: வெள்ளை, அக்கா. ரெண்டு பேருக்கும் வெள்ளை.